இரு நாட்டுக் குடிமையும் ஒரு நெஞ்சும்

பிழைப்பின் பொருட்டுப் பிறந்த மண்ணை விட்டுத் தில்லிக்கு வந்த நாம், இங்கு வாக்காளர் பட்டியலில் பெயரைச் சேர்த்தபோது, ஊர்ப் பட்டியலிலிருந்து அதனை நீக்கிக்கொண்டோம். ஒருவர் பெயர் ஒரு தொகுதிக்கு மேல் இடம்பெறலாகாது என்பது 1950ஆம் ஆண்டின் சட்டம். அதனால் நம் ஊர்ப்பற்றுக் குறைந்ததா? கோயில் குடமுழுக்குக்கு இன்றும் காணிக்கை அனுப்புகிறோம். குலதெய்வத்தின் முன்னரே குழந்தைகளுக்கு முடி இறக்குகிறோம்.

நம் மக்கள் கடல் கடந்து சென்று அந்நாட்டுக் குடிமையை ஏற்கும்போது, இவ்வினா பேருருக் கொள்கிறது. அமெரிக்கக் குடிமை பெறுவோர், வேற்று நாட்டின்பாலுள்ள பற்றுறுதியை முற்றாகத் துறப்பதாக உறுதிமொழி கூறவேண்டும். அதே மொழியைக் கூறும் ஆங்கிலேயர் பிரிட்டனின் குடிமகனாகவும் நீடிக்கிறார். அவர் நாட்டுச் சட்டம் அதற்கு இடந்தருகிறது. நம்மவரோ அக்குடிமையைப் பெற்றதும் இந்தியக் குடிமையை இழக்கிறார். 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு அவ்வாறு விதிக்கிறது. மொழி ஒன்றே, விளைவோ வேறு.

"என் பிள்ளை இனி இந்நாட்டுக்கு அயலானா?" என்று கலங்கும் தாய்க்கு நாம் யாது விடை கூறுவோம்?

தாயையும் தாரத்தையும் ஒருங்கே நேசிப்பவன் எவரையும் வஞ்சிப்பதில்லை என்பர் சிலர். நேசத்தைப் பொறுத்தவரை அஃது உண்மையே. ஆயின் குடிமை நேசம் மட்டுமன்று. சட்டம் இயற்றுவோரைத் தேர்ந்தெடுத்து, அச்சட்டத்தின் சுமையைத் தானும் ஏற்பதே குடிமை. விளைவைச் சுமவாதவர் முடிவில் பங்கு கேட்பது அறமாகுமா? இரு நாட்டுக்கும் கடமையாற்ற வல்லார்க்கு இரு குடிமை தகும். பல நாடுகள் அதனை ஏற்றுள்ளன. ஜெர்மனியும் 2024இல் அதற்கு வழி திறந்தது. இரு வீட்டிலும் விருந்து மட்டுமே உண்ண விழைவார்க்கு அது தகாது.

நம் நாடு இடைவழி ஒன்றைக் கண்டது. 2005ஆம் ஆண்டுத் திருத்தத்தின்பின் வழங்கப்பெறும் கடல்கடந்த இந்தியக் குடிமை அட்டை, வாழ்நாள் நுழைவிசைவு தருகிறது, வாக்குரிமை தருவதில்லை, விளைநிலம் வாங்கவும் இடந்தருவதில்லை. உறவுக்குக் கதவு திறந்திருக்கிறது. ஆட்சியில் பங்கு மட்டும் இங்குள்ள குடிமக்களுக்கென நிற்கிறது. இதில் நமக்குக் குறை தோன்றவில்லை.

குறை வேறோரிடத்தில் உள்ளது. துறந்தேன் என்று வாயால் மொழிந்துவிட்டு, ஒப்படைக்க வேண்டிய பழைய கடவுச்சீட்டைப் பெட்டியின் அடியில் ஒளித்துவைப்பதைத் தாய்நாட்டுப் பற்று என்று சிலர் எண்ணுகின்றனர். அஃது இங்கே குற்றம்; அங்கே கூறிய மொழிக்கும் இழுக்கு. இரு நாட்டையும் ஒருசேர ஏய்ப்பவர் எந்நாட்டை நேசிப்பவர்?

ஆதலின் அத்தாய்க்கு நாம் கூறுவது இது: அம்மா, உங்கள் பிள்ளை துறந்தது வாக்குரிமையை, உங்களையன்று. வாழும் நாட்டுக்கு அவன் வாய்மையோடு இருக்கட்டும். நீங்கள் ஊட்டிய தமிழைத் தன் மக்களுக்கு அவனும் ஊட்டட்டும். அதனைத் தடுக்கும் சட்டம் அங்குமில்லை, இங்குமில்லை.