சுமாராகப் படிக்கும் உரிமை

தகுதி, திறமை என்கிற பேச்சு மண்டல் காலத்தோடு ஓய்ந்துவிடவில்லை. இப்போது அது இரக்கத்தின் குரலிலும் வருகிறது.

உத்தரப்பிரதேசம் முசாபர்நகர் மாவட்டத்துத் தலித் கூலித் தொழிலாளி ஒருவரின் மகன், 2024இல் நுழைவுத்தேர்வில் தேறி தன்பாத் ஐ.ஐ.டி.யில் இடம் பெற்றார். ரூ.17,500 கட்டணும். ஜூன் 24 மாலை 5 மணி கெடு. பணத்தப் பொரட்டிக் கட்டுறதுக்குள்ள நேரம் முடிஞ்சுபோச்சு. இடமும் போச்சு. அந்த ஆண்டுத் தேர்வை நடத்தியது சென்னை ஐ.ஐ.டி. என்பதால் சென்னை உயர்நீதிமன்றம் வரைக்கும் வந்தார். கடைசியில் செப்டம்பர் 30 அன்று உச்சநீதிமன்றம், அரசியல் சட்டப் பிரிவு 142இன்கீழ் அவரைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னது.

சந்தோஷம்தான். ஆனால் அங்கே பேசப்பட்ட நியாயத்தைக் கவனியுங்கள்: இவ்வளவு திறமையான பையனை இழக்கக் கூடாது. இடத்தைப் பறித்தது அவருடைய கணக்கறிவு இல்லையே, அப்பாவோட கூலிதானே? பறிகொடுத்ததைத் திருப்பிக் கொடுக்கத் திறமையை எதுக்குச் சாட்சிக்குக் கூப்பிடணும்?

மேல்சாதி வீட்டுப் பையனுக்குக் கணக்கு வரலேன்னா டியூஷன் வைக்கிறாங்க. அதுக்கும் மசியலேன்னா பணத்தக் கட்டித் தனியார் காலேஜ்ல சேக்குறாங்க. அவன் மேதையா என்று யாரும் கேட்பதில்லை. நம்ம புள்ளைக்கு வரலேன்னா, ‘ஒனக்கெதுக்கு ஃபர்ஸ்ட் குரூப்பு’ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிடுறாங்க. நம்மில் ஒருத்தர் தோற்றால் சாதியே தோற்றதாகிறது. ஒருத்தர் ஜெயித்தால் அவர் மட்டும் விதிவிலக்கு.

விஞ்ஞானத்துக்கு மேதைகள் வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். ஆனால் மேதை யார் என்பது சொல்லிக்கொடுத்த பிறகுதான் தெரியும். சொல்லிக்கொடுப்பதற்கே அதை நிபந்தனையாக்குவது எந்த ஊர் நியாயம்? கரக்பூரில் முதல் ஐ.ஐ.டி. தொடங்கியது 1951. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அங்கே இடஒதுக்கீடு வந்தது 1973. இடைப்பட்ட 22 ஆண்டுகளில் சேரியில் அறிவு பிறக்காமலா இருந்தது?

ஆகவே நாம் கேட்க வேண்டியது மேதைகளுக்கான கருணையை அல்ல. பின்னக் கணக்கு புரியாமல் மூணு தடவ கேக்குற புள்ளைக்கு, முகம் சுளிக்காம நாலாவது தடவையும் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார் வேண்டும். பூட்டாத ஆய்வுக்கூடம் வேண்டும். தோற்றுப்போய்த் திரும்ப எழுத அவகாசம் வேண்டும். மத்தவங்க புள்ளைங்களுக்குக் கேக்காமலே கெடைக்கிறது இதெல்லாம்.