அந்தக் கை ஏன் நகர்ந்தது?

அத்தையின் இடது கை நகர்ந்தது. இரண்டு விரற்கடை தூரம் இருக்கலாம். நடந்தது அவ்வளவுதான். அதைப் போய் இத்தனை வருடமாக மனசுக்குள் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறாயே என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஆனால் ராத்திரி தூக்கம் பிடிக்காதபோது அந்தக் கைதான் முன்னால் வந்து நிற்கிறது.

விவரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2004 டிசம்பர் 26 காலை, நாகப்பட்டினம் மாவட்டத்துக் கடற்கரையில் அத்தை தன் மகனைச் சுனாமிக்குப் பறிகொடுத்தாள். அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டவர்கள் போன காலை அது. கொஞ்ச காலம் கழித்து, கடலே கண்ணில் படாத திண்டுக்கல் பக்கத்து எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். வேலை செய்வாள், பேசுவாள், சண்டைகூடப் போடுவாள். டிசம்பர் 26 வந்தால் மட்டும் விடிந்தும் விடியாததுமாகப் போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். அன்றைக்கு யாரும் அவளைச் சாப்பிடக் கூப்பிட மாட்டோம்.

2019-ல் அதே தேதியில் வளைய சூரிய கிரகணம் வந்தது. கோவை, திண்டுக்கல், புதுக்கோட்டை என்று தமிழ்நாட்டின் குறுக்கே அதன் பாதை போயிற்று. எட்டு மணிக்கு மேல் தொடங்கி, ஒன்பதரை வாக்கில் உச்சம். பதினைந்து வருடத்துக்கு முன் அலை ஊருக்குள் வந்ததும் ஏறக்குறைய அதே வேளையில்தான்.

தெரு வெறிச்சோடிக் கிடந்தது. பக்கத்து வீட்டுப் பையன் மட்டும் கிரகணம் பார்க்கும் கண்ணாடியோடு எங்கள் முற்றத்துக்கு வந்திருந்தான். வெயில் மங்கியது. மேகம் மறைத்தால் வரும் மங்கல் மாதிரி இல்லை. நிழல்களெல்லாம் கூர்மையாக இருக்க, வெயில் மட்டும் சாயம் போனதுபோல் இருந்தது. திடீரென்று பையன், "மேல பாக்காதீங்க, கீழ பாருங்க!" என்று கத்தினான். வேப்பமரத்தடிச் சிமெண்டுத் தரையில் எப்போதும் பொட்டுப் பொட்டாகக் கிடக்கும் வெளிச்சம் அத்தனையும் பிறைபிறையாக மாறியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிறையின் முனைகள் ஒன்றையொன்று தொட்டு வளையமாயின. ஒன்றிரண்டு இல்லை, மரத்தின் நிழல் எவ்வளவு தூரம் விழுந்ததோ அவ்வளவு தூரமும் வளையம்.

அத்தை எப்போது எழுந்து வந்தாள் என்று நான் கவனிக்கவில்லை. செம்பில் தண்ணீர் மொள்ள வந்திருக்கலாம். மரத்தடியில் நின்று இடது கையை நீட்டினாள். முன்கையில் வளையங்கள் விழுந்தன. அத்தை சிரித்தாள். வாய்விட்டு, சத்தமாக. பிறகு அந்தக் கை நகர்ந்தது.

அந்த முன்கையில் ஒரு பெயர் உண்டு. மகன் பிறந்த வருடம் வேளாங்கண்ணித் திருவிழாவில் பச்சை குத்திக்கொண்டது. மூன்றே எழுத்து. மை கசிந்து, முதல் எழுத்தின் சுழி அடைபட்டுப் போயிருக்கும். பெயர் தெரிந்தவர்கள்தான் அதைப் படிக்க முடியும்.

வளையம் பெயரின்மேல் விழட்டும் என்று கையை நகர்த்தினாளா? பெயரை விட்டுவிட்டு வெறும் தோலில் விழட்டும் என்று விலக்கினாளா? இதுதான் என் கேள்வி. நான் நின்ற இடத்திலிருந்து பார்த்தபோது, கை நகர்வதற்கு முன்னாலும் பெயரின்மேல் ஒரு வளையம் இருந்தது. நகர்ந்த பின்னாலும் வேறொன்று இருந்தது. வளையங்கள் அவ்வளவு நெருக்கமாக விழுந்துகொண்டிருந்தன. போதாததற்குக் காற்று வேறு.

அதற்குள் அத்தை என் பக்கம் திரும்பி, "தெனமும் இப்புடித்தான் விழுவுதா தம்பி?" என்றாள்.

நான் படித்த அறிவியலை ஒப்பித்தேன். இலைகளுக்கு நடுவே இருக்கும் சின்னச் சின்ன இடுக்கு ஒவ்வொன்றும் ஒரு ஊசித்துளைக் கேமரா. இடுக்கு எந்த வடிவமாக இருந்தாலும், கீழே விழுவது சூரியனின் படம்தான். சூரியன் வட்டம், அதனால் பொட்டும் வட்டம். இன்று சூரியன் வளையம், அதனால் இதுவும் வளையம். படத்தின் அளவு, இடுக்கிலிருந்து அது வந்து விழும் தூரத்தில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு. மூன்று மீட்டர் தூரத்து இடுக்கு என்றால் மூன்று சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக ஒரு வளையம் விழும். அரிஸ்டாட்டிலின் பெயரில் வழங்கும் பழைய கேள்விகளின் தொகுப்பிலேயே, கிரகணத்தன்று மரத்தடியில் ஏன் பிறைகள் விழுகின்றன என்ற கேள்வி இருக்கிறது. அப்படியென்றால் இரண்டாயிரம் வருடத்துக்கும் முன்னால் யாரோ ஒருவர் அண்ணாந்து பார்க்காமல் குனிந்து பார்த்திருக்கிறார். இதையெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் வளையம் கலைந்து மறுபடியும் பிறையாகிவிட்டது. அத்தை உள்ளே போய்விட்டாள். மூன்று நிமிடம் இருந்திருக்குமா, தெரியவில்லை.

கிரகணம் என்றாலே எனக்கு உலக்கைதான் ஞாபகம் வரும். 1995 அக்டோபர் 24 அன்று வட இந்தியாவில் முழு கிரகணம், நம் பக்கம் பாதி. நான் அப்போது அரைக்கால் சட்டைப் பையன். வீட்டுக் கதவெல்லாம் சாத்தியாயிற்று. தூர்தர்ஷனில் நேரடி ஒளிபரப்பு. பாட்டி பித்தளைத் தாம்பாளத்தில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, நடுவில் உலக்கையை நிறுத்தினாள். பிடிமானம் ஏதுமில்லாமல் அது நின்றது. கிரகணம் விடும்வரை நிற்கும், விட்டதும் விழுந்துவிடும் என்றாள். அன்றைக்கு நான் தொலைக்காட்சியில் சூரியன் மறைந்ததைப் பார்க்கவேயில்லை. உலக்கையின் பூண் தண்ணீரில் பதிந்திருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் மூச்சுக்காற்று பட்டு விழுந்துவிடுமோ என்று வாயைக் கையால் பொத்திக்கொண்டது நினைவிருக்கிறது.

பிறகு ஒருநாள், எந்தக் கிரகணமும் இல்லாத மத்தியானத்தில், யாருக்கும் தெரியாமல் அதே தாம்பாளத்தில் அதே உலக்கையை நிறுத்திப் பார்த்தேன். நின்றது. அடிப்பாகம் சமமாக இருந்தால் எந்த நாளும் நிற்கும். பாட்டியைக் கூப்பிட்டுக் காட்டினேன். பாட்டி அசரவில்லை. "இது நீ நிறுத்துனது. அன்னிக்கு நின்னது வேற" என்று சொல்லிவிட்டு உலக்கையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அப்போது பாட்டியை ஏளனமாகத்தான் நினைத்தேன். இப்போது அந்தப் பதிலில் ஏதோ இருக்கிறது என்று படுகிறது. இலை இடுக்கு வழியாகச் சூரியன் தினமும்தான் தரையில் விழுகிறது. ஆனால் தினமும் விழுவது அத்தையைப் படுக்கையிலிருந்து எழுப்பி நிறுத்தவில்லையே.

மன அமைதிக்கு வழி சொல்ல அத்தையிடம் ஆள் வராமலில்லை. அலைக்குப் பிந்தைய மாதங்களில் நிவாரண முகாமுக்கு வந்த யாரோ, நல்ல எண்ணத்தோடுதான், வட்டமாக உட்காரவைத்து, "கண்ணை மூடுங்கள், மூச்சைக் கவனியுங்கள்" என்றிருக்கிறார்கள். அத்தை எழுந்து வந்துவிட்டாளாம். "கண்ண மூடுனா தண்ணிதான் வருது" என்றாள் என்னிடம், வெகுகாலம் கழித்து.

மூச்சைக் கவனிப்பதை நான் குறைத்துச் சொல்லவில்லை. 1979-ல் ஜான் கபாட்-சின் என்பவர் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில், தீராத வலியோடு வந்தவர்களுக்காகப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். புத்த மரபின் தியானத்திலிருந்து மதத்தைக் கழித்துவிட்டுக் கவனத்தை மட்டும் எடுத்துக்கொண்ட பயிற்சி. அதனால் பலனடைந்தவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். நானும் காலையில் கொஞ்ச நேரம் உட்காருகிறவன்தான். ஆனால் பேரதிர்ச்சிக்கு ஆளானவர்களைக் கண்ணை மூடி உள்ளே பார்க்கச் சொல்வது சில சமயம் காயத்தைக் கிளறிவிடும் என்று தியானம் கற்பிப்பவர்களே இப்போது சொல்கிறார்கள். கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளட்டும், வெளியே ஏதாவது ஒன்றைப் பார்க்கட்டும் என்கிறார்கள். முகாமில் எழுந்து வந்த அத்தைக்கு இது முன்பே தெரிந்திருக்கிறது.

வெளியே பார்ப்பது என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. 2020-ல் சான் பிரான்சிஸ்கோவில் வர்ஜீனியா ஸ்டர்ம் என்பவரும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முதியவர்களை எட்டு வாரம், வாரம் ஒருமுறை, பதினைந்து நிமிடம் நடக்கச் சொன்னார்கள். ஒரு பிரிவினருக்கு மட்டும், எதையாவது முதல்முறை பார்ப்பதுபோல் வியந்து பார்த்தபடி நடங்கள் என்று கூடுதலாக ஒரு வார்த்தை. எல்லோரும் நடையின்போது தங்களைத் தாங்களே படம் எடுத்துக்கொள்ள வேண்டும். வாரங்கள் போகப் போக, வியந்து நடந்தவர்களின் படங்களில் அவர்களுடைய உருவம் சிறுத்து, மரமும் வானமும் அதிக இடத்தைப் பிடித்தன. சிரிப்பு மட்டும் அகலமானது.

இதைப் படித்தபோது என் கணக்கு தீர்ந்துவிட்டது என்றே நினைத்தேன். வியப்பில் 'நான்' சிறுத்துப்போகிறது. 'நான்' சிறுத்தால் என் துக்கமும் சிறுக்கும். எனவே அத்தை சிரித்தாள். எனவே அத்தை கையை விலக்கினாள். அழகாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு நாள்கூட அது நிற்கவில்லை. கடல் வியப்பில்லையா? தண்ணீர் எழும்பி ஊருக்குள் வந்ததைவிட மனிதனைச் சிறிதாக்கும் காட்சி வேறு உண்டா? அத்தை அன்றைக்கும்தான் சிறுத்துப்போனாள்.

கல்லூரியில் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலைப் பரீட்சைக்காக மட்டும் படித்தேன். பாதி மறந்துவிட்டது. எட்டு மெய்ப்பாடுகளின் வரிசையில் மருட்கைக்கு அடுத்தபடியாக அச்சம் வரும் என்பது நினைவில் நின்றது. பக்கத்துப் பக்கத்து வீடு. நடுவில் சுவர் எவ்வளவு கனம் என்று யாருக்குத் தெரியும்? இன்னொன்றும் நின்றது. மருட்கை எதனால் பிறக்கும் என்பதற்கு அங்கே நான்கு காரணங்கள் உண்டு: புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். மலையும் கடலும் வியக்க வைக்கும் என்பதை யாரும் சொல்லிவிடுவார்கள். சிறியதும் வியக்க வைக்கும் என்பதைச் சேர்த்துச் சொன்னவர் எதையோ குனிந்து பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும். அன்று மரத்தடியில் இந்த நான்கும் ஒன்றாக இருந்தன: காணாத காட்சி, சூரியன் என்ற பெரும்பொருள், இலை இடுக்கு என்ற சிறு பொருள், ஒன்று இன்னொன்றாக மாறும் அதிசயம். கடற்கரையில் பெருமை மட்டும் வந்தது. அது அச்சமாக வந்தது. முற்றத்தில் அதே பெருமை, மூன்று சென்டிமீட்டர் அகலத்தில், கையில் வந்து உட்கார்ந்தது. சுடவில்லை, இழுத்துக்கொண்டு போகவில்லை. ஒருவேளை அத்தை சிரித்தது அதனால் இருக்கலாம்.

அப்போதும் அந்தக் கை ஏன் நகர்ந்தது என்பதற்கு விடை வரவில்லை. விலக்கியிருந்தால், மூன்று நிமிடமாவது துக்கத்தை இறக்கி வைத்தாள் என்று அர்த்தம். பெயரின்மேல் நகர்த்தியிருந்தால் கதையே வேறு: பார்த்த அதிசயத்தை மகனுக்கும் காட்டியிருக்கிறாள். இரண்டில் எதை ஆறுதல் என்று சொல்வது? மறப்பதையா, கூட வைத்துக்கொள்வதையா? எனக்கு இரண்டாவதன் பக்கம் சாயத்தான் ஆசை. ஆசையை வைத்துச் சாட்சி சொல்ல முடியாது.

பொறுக்கமாட்டாமல் ஒரு தடவை அத்தையிடமே கேட்டேன். "அன்னைக்கு கையை எதுக்கு அத்தை நகர்த்துனீங்க?"

"எந்தக் கைய?" என்றாள்.

நினைவிருந்தும் சொல்லவில்லையா, நினைவே இல்லையா என்று அதிலும் கண்டுபிடிக்க முடியவில்லை. அடுத்த டிசம்பர் 26 அன்று வழக்கம்போலச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அதற்கடுத்த வருடமும் அப்படியே. எனவே அந்த மூன்று நிமிடம் அவளைக் குணப்படுத்தியது என்று எழுத எனக்கு மனசாட்சி இடம்தரவில்லை. ஒன்றும் செய்யவில்லை என்று எழுதவும் கை வரவில்லை. அந்தச் சிரிப்பை நான் கேட்டேன்.

தமிழ்நாட்டின் வழியாக அடுத்த வளைய கிரகணம் 2031 மே 21 அன்று வருகிறது, மதுரையில் தெரியும். அதற்கு அத்தையைக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று யோசித்தேன். கூட்டிப்போய் வியக்கச் சொன்னால், அது பாட்டி சொன்ன மாதிரி நான் நிறுத்துகிற உலக்கையாகிவிடும். வரச் சொன்னால் வராத ஒன்றுக்கு எப்படி ஏற்பாடு செய்வது என்று தெரியவில்லை.

தெரிந்தது ஒன்றே ஒன்று. உங்கள் வீட்டில் துக்கத்தோடு இருப்பவரிடம் "மனசை அமைதியாக வைத்துக்கொள்" என்று சொல்லாதீர்கள். அந்த வேலையை அவரிடம் கொடுப்பது நியாயமில்லை. கதவைத் திறந்து வையுங்கள். அவர் எழுந்து வெளியே வந்தால் எதற்கு வந்தீர்கள் என்று கேட்காதீர்கள்.