சுகர் இருந்துச்சாம்!

பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடுவதால் அந்த ஊருக்குப் பெயர் திருமுக்கூடல். உத்திரமேரூர் பக்கம். வருஷத்தில் பாதி நாள் அங்கே கூடுவது மணலும் வெயிலும்தான். அங்கே வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் ஒரு ஆஸ்பத்திரியின் பட்ஜெட் இருக்கிறது. 11-ம் நூற்றாண்டு, வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு. ஆஸ்பத்திரிக்கு அன்றைய பெயர் 'ஆதுலர்சாலை'.

படுக்கை 15. வைத்தியர் ஒருவர், அறுவை செய்ய ஒருவர், மூலிகை கொண்டுவர இரண்டு பேர், நோயாளிகளைக் கவனிக்க இரண்டு பெண்கள், ஒரு நாவிதர், தண்ணீருக்கு ஓர் ஆள். தலைக்கு ஒரு நாழி அரிசி. ராத்திரி எரிய விளக்கு. மருந்து ஸ்டாக்கில் ஆடாதோடையும் கடுக்காயும் சேர்ந்த இருமல் மருந்து, சோகைக்கு மண்டூர வடகம்... ஊருக்கே திறந்து வைத்த ஆஸ்பத்திரி அல்ல. கோயில் ஊழியர்கள், அங்கே படித்த மாணவர்கள் மாதிரி ஆட்களுக்குத்தான். ஆனால் பி.காம். படித்த கண்ணுக்கு ஒன்று பட்டது. இந்தக் கணக்கு முழுக்க நோயாளிக்கு நாம் என்ன தரவேண்டும் என்பதுதான்.

2020-ல் நாம் தினமும் சாயங்காலம் பார்த்த கணக்கு வேறு மாதிரி. அரசின் கொரோனா அறிக்கையில் இறந்தவருக்குப் பெயர் கிடையாது. வயது, ஆணா பெண்ணா, மாவட்டம், பிறகு சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு என்று பட்டியல். 'இணைநோய் இல்லாமல் இறந்தவர்கள்' என்று தனியாக ஒரு எண்ணிக்கை. நாம் என்ன செய்தோம்? “சுகர் இருந்துச்சாம்பா” என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிவிட்டு, மூச்சை விட்டோம். நமக்கு இல்லை, அதனால் நமக்கு வராது என்கிற நிம்மதி. செத்தவர் கணக்கில் ஒரு டிஸ்கவுன்ட்.

இத்தனைக்கும் ஐ.சி.எம்.ஆர். இந்தியாவில் சர்க்கரை உள்ளவர்கள் 10 கோடிக்கு மேல் என்று 2023-ல் சொன்னது. அந்த 'அவங்க' வேறு யாரோ இல்லை சார், நாம்தான்.

அப்புறம் ஸ்கேன் வந்தது. “மாமா, 25-க்கு எவ்ளோ?” என்று போனில் கேட்டார்கள். நுரையீரலில் ஐந்து பாகம், பாகத்துக்கு ஐந்து மார்க். குறைவாக வாங்கினால் பாஸ். சி.டி. ஸ்கேன் ஒரு விதத்தில் நேர்மையானது. புதிதாகப் படர்ந்த வெள்ளைப் புகையையும் காட்டும், என்றோ ஆறிப்போன டி.பி. வடுவையும் காட்டும். பழையதைக் காட்டி புதியதைத் தள்ளுபடி செய்வதில்லை. அந்த வேலையைச் செய்வது, படத்தைப் படித்தபின் நாம்.

அந்த வடு எப்படி வந்தது என்று படம் சொல்லாது. திருமுக்கூடலைச் சுற்றி கல்குவாரிகளும் கிரஷர்களும் இருக்கின்றன. கல் தூசி நுரையீரலுக்குள் போய் உட்கார்ந்தால் திரும்பி வராது என்பது மருத்துவம் நெடுநாளாக அறிந்த விஷயம். கல் உடைக்கிறவரின் நெஞ்சில் இருப்பது அவருடைய 'இணைநோய்' மட்டும்தானா? நம் வீட்டு அஸ்திவாரத்துக்கும் அதில் பங்கு உண்டு.

இங்கிலாந்தில் 1960-களின் தொடக்கத்தில் ஒரு வழக்கு. தொழிற்சாலையில் உருக்கிய உலோகம் தெறித்து ஒரு தொழிலாளியின் உதடு சுட்டது. அங்கே ஏற்கெனவே புற்றுநோய்க்கான விதை இருந்தது. அது வளர்ந்து, அவர் இறந்துபோனார். 'சாதாரண ஆளாக இருந்தால் பிழைத்திருப்பாரே' என்ற வாதம் எடுபடவில்லை. அடிபட்டவன் எப்படி இருந்தானோ, அப்படியே அவனை ஏற்றுக்கொள் என்பது சட்டம். மண்டை ஓடு முட்டை ஓடு மாதிரி மெல்லிசாக இருந்தது அவன் குற்றமில்லை.

இணைநோயைக் கேட்கவே கூடாதா? கேட்கத்தான் வேண்டும். 2021 மார்ச் 1-ல் தடுப்பூசி பொதுமக்களுக்கு வந்தபோது, 60 வயது ஆனவர்களோடு, 45 முதல் 59 வரை இணைநோய் உள்ளவர்களுக்கும் முன்னுரிமை. 20 நோய்களுக்குப் பட்டியலே போட்டார்கள். அதே வார்த்தைதான். உயிரோடு இருக்கும்போது சொன்னால், 'இவரை முதலில் கவனி' என்று அர்த்தம். செத்தபிறகு சொன்னால், 'இவர் எப்படியும் போயிருப்பார்' என்று அர்த்தம். முதலாவது வைத்தியம். இரண்டாவது வசதி.

இது வெறும் வார்த்தை விவகாரமில்லை. இணைநோயை மரணத்தின் மூல காரணமாக எழுதக் கூடாது என்று ஐ.சி.எம்.ஆர். 2020-லேயே வழிகாட்டியது. அந்த ஜூலை 22-ம் தேதி, சென்னையில் விட்டுப்போன 444 மரணங்களைத் தமிழக அரசு கணக்கில் சேர்த்தது. கொரோனாவில் இறந்தவர் குடும்பத்துக்கு 50 ஆயிரம் ரூபாய் நிவாரணத்தை 2021 அக்டோபரில் ஏற்றுக்கொண்ட உச்ச நீதிமன்றம், இறப்புச் சான்றிதழில் கொரோனா என்று எழுதவில்லை என்பதற்காக மட்டும் பணத்தை மறுக்கக் கூடாது என்றது. சான்றிதழில் ஒரு வரி என்ன பாடுபடுத்தும் என்று அந்தக் குடும்பங்களைக் கேளுங்கள்.

ஆகவே, அடுத்த காய்ச்சல் வரும். வராமல் இருக்காது. அப்போதும் யாராவது “சுகர் இருந்துச்சாம்” என்பார்கள். ஆமாம், இருந்தது. அது தெரிந்திருந்தும் அவருக்கு நாம் என்ன செய்தோம் என்று கேளுங்கள். இதில் பாவம், அந்தச் சர்க்கரையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள்.