விரதமும் சட்டமும்: பாலாறு எழுப்பும் வினா

விரதம் ஏற்பது எளிது. ஏற்றதைக் காப்பதே அரிது. இது நம் இல்லறத்தார் நன்கறிந்த உண்மையாகும். குருவின் திருமுன் அணுவிரதங்களை ஏற்றவர், வீடு திரும்பியபின் அடுப்படியிலும் வயலிலும் கடையிலும் அவற்றைப் பேணாராயின், ஏற்றதனால் விளைந்த பயன் யாது? இவ்வினாவை ஒரு நாட்டை நோக்கியும் எழுப்பலாம். உலக அவையில் ஒரு நாடு இடும் கையொப்பம் விரதம் ஏற்பதை ஒக்கும். தன் எல்லைக்குள் அது இயற்றி நடத்தும் சட்டமோ விரதம் காப்பதை ஒக்கும்.

ஜப்பானிய ஊராகிய மினமாட்டாவில் ஆலைக்கழிவின் பாதரசம் மீனுள் புகுந்து, அம்மீனை உண்ட மக்களின் நரம்புகளைச் சிதைத்தது. அவ்வூரின் பெயராலேயே 2013இல் பாதரசக் கட்டுப்பாட்டு உடன்படிக்கை உருவாயிற்று. இந்தியா அதில் 2014இல் கையொப்பமிட்டு, 2018இல் அதனை ஏற்புறுதி செய்தது. எனினும், உடன்படிக்கை தானே நடந்துவந்து எந்த ஆலையின் கதவையும் தட்டுவதில்லை. அதற்கு நாட்டுச் சட்டம் வேண்டும். அவ்வாறு சட்டம் இயற்றும் அதிகாரத்தை அரசியலமைப்பின் 253ஆம் பிரிவு நாடாளுமன்றத்திற்கு அளித்துள்ளது. 1972இல் ஸ்டாக்ஹோமில் கூடிய மாநாட்டின் முடிவுகளைச் செயற்படுத்தவே 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது என்பதை அதன் முகப்புரையே கூறுகிறது.

இவ்விரதம் காக்கப்பட்டதா என்பதை அறிய நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை எனப் பாலாற்றுப் பகுதியில் அமைந்த தோல் ஊர்களே சான்று. இங்குத் துயர் விளைத்தவை பாதரசமல்ல, குரோமியமும் உப்புமாகும். முற்காலத்தில் ஆவாரம்பட்டை கொண்டு பல நாள் ஊறவைத்துத் தோலைப் பதனிட்டனர். 1970களில், பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுதும் பதனிட்ட தோலையும் தோற்பொருளையும் அரசு ஊக்குவித்தது. விரைவாகப் பதனிட உதவும் குரோமிய முறையும் பெருகியது. ஸ்டாக்ஹோமில் சூழலைக் காப்போம் என்று நாடு உறுதிகூறிய அதே காலத்தில், உள்நாட்டு வணிகக் கொள்கை ஆற்றைப் பற்றி எண்ணாமலே வகுக்கப்பட்டது. தோல் ஆலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாததாயிற்று என்ற வேளாண் பல்கலைக்கழக ஆய்வை உச்சநீதிமன்றமே எடுத்துக்காட்டியது.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த அவ்வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வழங்கப்பட்டது. தீங்கு உறுதியாகும்வரை காத்திராது முன்னரே தடுக்க வேண்டும். தன் தொழில் தீங்கற்றது என மெய்ப்பிக்கும் பொறுப்பு தொழில் நடத்துவோரையே சாரும். மாசுபடுத்தியவரே இழப்பீடும் சீரமைப்புச் செலவும் ஏற்க வேண்டும். உலக நாடுகள் ஒப்பிய இக்கோட்பாடுகள் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியே என்று நீதிமன்றம் அறிவித்தது. ஒவ்வோர் ஆலைக்கும் 10,000 ரூபாய் தண்டம் விதித்ததோடு, 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இழப்பீட்டைக் கணக்கிட ஓர் ஆணையம் அமைக்கவும் பணித்தது.

அவ்வாணையம் 2001இல், 29,193 பேருக்கு ஏறத்தாழ 26.82 கோடி ரூபாய் உரியதெனத் தீர்மானித்தது. சராசரியாக ஒருவருக்கு ஒன்பதாயிரத்துச் சொச்சம் ரூபாய். கிணறு உவர்ந்து நிலம் பாழான உழவர்க்கு இதுவும் சிறு தொகையே. இதனையும் பெறாதோர் இருந்தனர். 2025 ஜனவரி 30 அன்று உச்சநீதிமன்றம் மீண்டும் தலையிட்டு, எஞ்சியோர்க்கு அரசே இழப்பீட்டை வழங்கி, அதனை மாசுபடுத்தியவரிடமிருந்து வசூலிக்குமாறு ஆணையிட நேர்ந்தது. விரதம் உண்டு, சட்டம் உண்டு, தீர்ப்பும் உண்டு. நிறைவேற்றமோ ஒரு தலைமுறைக் காலம் பிந்திற்று.

இத்தாமதத்தை வெறும் அலுவலகக் குறைபாடு என்று கூறலாமா? இம்சையை வரையறுக்கும் நம் ஆசாரியர்கள் சினத்தை மட்டும் அதற்குக் காரணமாகக் கூறவில்லை. பிரமாதம் என்னும் மறதியும் சோர்வும் வழியாக உயிர்க்கு ஊறு விளைவதும் இம்சையே என்றனர். ஆகவே, தீங்கு தெரிந்தபின்னும் கோப்பைத் திறவாதிருப்பதும் இம்சையின்பாற்படும். மேலும், நீரையே உடலாகக் கொண்ட உயிர்கள் உண்டு எனப் போற்றி, வடிகட்டிய நீரையே பருகும் மரபினர் நாம். ஆற்றையே நஞ்சாக்குவதை நாம் எளிதாகக் கருதுதல் இயலாது.

இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. தோல் தொழிலில் உழைப்போரைப் பழித்துவிட்டு நாம் தூயர் என்றிருத்தல் அறமாகாது. அவ்வுழைப்பால் பல்லாயிரம் ஏழைக் குடும்பங்கள், பெண்தொழிலாளர் பலர் உட்பட, உயிர்வாழ்கின்றன. அநேகாந்த நோக்குடையோர் அவர்தம் பசியையும் உழவரின் வறண்ட கிணற்றையும் ஒருங்கே காண வேண்டும். தானே செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்வார்க்கு உடன்படல் என வினை மூவகைப்படும். பதனிடாதவர் முதலாவதினின்று நீங்கியவரே. மலிவு விலையில் தோற்பொருளை விரும்பி வாங்குவோரும், கழிவைச் சுத்திகரிக்கும் செலவு அவ்விலையில் அடங்கியுள்ளதா என வினவாதோரும் மற்ற இரண்டினின்று நீங்கியவராவரோ?

விரதம் வழுவின் அதற்குக் கழுவாய் உண்டு. குறையை ஒப்புதலும், ஊறுபட்டதைச் சீர்செய்தலும், மீண்டும் செய்யாமையும் அதன் கூறுகள். மாசுபடுத்தியவரே ஈடுசெய்க என்னும் சட்டநெறி இதனினின்றும் வேறன்று. பணம் செலுத்திய நாளோடு கடன் தீர்வதில்லை. ஊறு நீங்கும்வரை அது தொடரும். உலக அவையில் கூறிய சொல், பாலாற்றங்கரையில் ஒரு கிணற்று நீர் மீண்டும் இனிக்கும் நாளில்தான் காக்கப்பட்டதாகும். அந்நாள்வரை கேட்டுக்கொண்டேயிருப்பது அகிம்சையைப் போற்றும் நமக்கும் உரிய கடமையாகும்.