பின்னறிவின் உரிமை: இரணைமடு மாணவனை முன்னிறுத்தி ஒரு சிந்தனை

முதியோர் இளையோர்க்கு அறிவுறுத்துவதற்குத் தமிழ் மரபு பல பெயர்களை வகுத்திருக்கின்றது. செவியறிவுறூஉ, வாயுறை வாழ்த்து, முதுமொழிக்காஞ்சி, பொருண்மொழிக்காஞ்சி என்பன அவற்றுட் சில. இவற்றிற் சொல்வோன் ஒருவன், கேட்போன் வேறொருவன். கேட்டவன் கேட்டபடி ஒழுகுவதற்குக் காலமும் எஞ்சியிருக்கும். தன்னைத் தானே விளித்துப் பேசுவதும் தமிழுக்குப் புதிதன்று. பாலைத்திணைத் தலைவன் சுரத்திடையே நின்று தன் நெஞ்சோடு பேசுகின்றான். வள்ளுவர் ‘நெஞ்சொடு கிளத்தல்’ என ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். ஆயின் அந்நெஞ்சு அக்கணத்து நெஞ்சு. போவதா மீள்வதா என்னும் ஐயம் தீராத நிலையிலேயே அதனோடு பேச்சு நிகழ்கின்றது. பயணம் முடிந்து இருபது ஆண்டுகள் கழிந்தபின் பழைய நெஞ்சை அழைத்து நிறுத்தி, ‘அன்று நீ இவ்வாறு செய்திருக்க வேண்டும்’ என்று கூறும் வழக்கை அச்செய்யுள்களிற் காண்பது அரிது.

அவ்வழக்கு இக்காலத்துக்குரியது. பரிசளிப்பு விழா மேடைகளிலும் பழைய மாணவர் மலர்களிலும், பாடசாலையை விட்டுப் பல்கலைக்கழகம் புகுந்த தம் பருவத்தை நினைவுகூரும் பெரியோர், அன்றைய தமக்கு இன்றைய தாம் கூற விரும்பும் அறிவுரைகளை அடுக்குவது இப்பொழுது இயல்பாகிவிட்டது. கேட்பதற்கு இனிமையான வழக்கம்தான். எனினும் அதனுள்ளே கடினமான ஒரு வினா இருக்கின்றது. நிகழ்ந்தவற்றையெல்லாம் அறிந்த ஒருவன், அவற்றுள் ஒன்றையும் அறியாதிருந்த தன்னையே குறைகூற உரிமையுடையவனா? இவ்வினாவை வெற்றிடத்தில் வைத்து ஆராய்வதிலும், ஓர் ஊரில் வைத்து ஆராய்வது தெளிவு தரும். வன்னிப் பெருநிலத்தின் இரணைமடு அதற்குப் பொருத்தமான ஊர்.

இரணை என்பது இரட்டை. மடு என்பது ஆழ்ந்த நீர்நிலை. கனகராயன் ஆற்றை மறித்து 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைக்கப்பட்ட இக்குளத்தின் பெயர், அங்கிருந்த இரண்டு நீர்நிலைகளால் வந்தது என்பர். 1930கள் முதல் இதன் கீழ்க் குடியேற்றங்கள் வளர்ந்தன. யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து வந்தோர் காடு வெட்டி வயல் கண்டனர். பின்னர், குறிப்பாக 1977இன் வன்செயல்களை அடுத்து, மலையகத்திலிருந்து இடம்பெயர்ந்தோரும் வன்னியில் வந்து வாழலாயினர். இவர்களிற் பலருக்குக் காணியில்லை, பிறர் வயலிற் பெற்ற கூலியே வாழ்வாயிற்று. ஆகவே ஒரே பாடசாலையின் ஒரே வாங்கில் அமர்ந்த இருவருள், ஒருவன் வாய்க்காலின் தலைப்பில் வயலுடையவனின் மகனாகவும், மற்றவன் அவ்வயலில் நாற்று நட்டவளின் மகனாகவும் இருக்கக்கூடும். ‘அன்று இன்னும் ஊன்றிப் படித்திருக்கலாம்’ என்னும் வாக்கியம் இவ்விருவருக்கும் ஒரே பொருளைத் தருவதில்லை.

இக்குளத்தை நம்பி வாழும் கமக்காரர்கள் சிறுபோகத்துக்கு முன் கூட்டம் கூடுவர். குளத்தில் அன்று நிற்கும் நீரின் அளவு எவ்வளவு, அதனைக் கொண்டு எத்தனை ஏக்கரில் விதைக்கலாம், எவரெவர்க்கு எவ்வளவு பங்கு என்பன அங்கே தீர்மானிக்கப்படும். எதிர்பாராத மழை பின்னர் பெய்தால், கூடுதலாக விதைத்திருக்கலாம் என்ற பேச்சு எழும். கிடைத்த நீர் போதாமற் போனால், குறைத்து விதைத்திருக்க வேண்டும் என்ற பேச்சு எழும். இரண்டும் உண்மையே, ஆனால் இரண்டும் கூட்டம் நடந்த நாளில் எவர் கையிலும் இல்லாத அறிவு. 2018 டிசம்பரில் திருத்த வேலைகள் நிறைவுற்ற சில நாட்களுள், 21, 22ஆம் திகதிகளிற் பெய்த பெருமழையால் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வெள்ளம் புகுந்தபோது, வான்கதவுகள் எப்போது திறக்கப்பட்டிருக்க வேண்டும் என்ற கேள்வி எழுந்தது. அது நியாயமான கேள்வி. ஏனெனில் குளத்தின் நீர்மட்டம் அளக்கக்கூடியது. அளப்பதும் முன்னறிந்து செயற்படுவதும் பொறுப்பிலுள்ளோரின் கடமை. பின்னறிவு குற்றஞ்சாட்டுவது எப்பொழுது தகும் என்பதற்கு இங்கே ஓர் அளவுகோல் கிடைக்கின்றது. அன்றே அறிந்திருக்கக்கூடியதை அறியாமல் விட்டதைக் குறைகூறலாம். அன்று அறியவே முடியாதிருந்ததைக் குறைகூறுவது, அறிவுரையின் உடை அணிந்த அநீதி.

இவ்வளவுகோலைக் கொண்டு பதினெட்டு வயது மாணவனிடம் வருவோம். அவன் எதனை அறிந்திருக்க முடியும்?

முதலில், தன் முயற்சியின் பயன் எந்த எல்லைக்கோட்டுக்குள் அளக்கப்படும் என்பதே அவன் கையில் இருந்ததில்லை. 1970களின் தொடக்கத்தில் இலங்கையில் தரப்படுத்தலும், அதனைத் தொடர்ந்து மாவட்ட அடிப்படையிலான அனுமதியும் புகுத்தப்பட்டன. யாழ்ப்பாண மாவட்டத்து மாணவர் பலருக்கு இழப்பாக அமைந்து, ஓர் இனத்தின் மனத்தில் ஆறாப் புண்ணான இம்முறைமை, வசதி குன்றிய வேறு மாவட்டங்களின் தமிழ் மாணவர் சிலருக்கு வாயிலைத் திறந்தும் விட்டது. ஆயின் இரணைமடுவின் நிலை வேறு. கிளிநொச்சி 1984 வரை தனி மாவட்டமன்று. யாழ்ப்பாண மாவட்டத்தின் ஒரு பகுதி. ஆகவே மண்ணெண்ணெய் விளக்கிற் படித்த குடியேற்றக் கிராமத்து மாணவனும், ஆய்வுகூடமும் நூலகமும் பழுத்த ஆசிரியரும் வாய்த்த யாழ்ப்பாண நகரக் கல்லூரி மாணவனும் ஒரே மாவட்டத்தவராகவே அமைந்தனர். பத்தாண்டுகள் பிந்திப் பிறந்திருந்தால் அதே மாணவன் வேறு மாவட்டத்தவன். அதே புள்ளிகளுக்கு வேறு மதிப்பு. நிருவாகக் கோடு ஒன்று இடம்பெயர்ந்ததால் மாறிய வாழ்வை, ஊக்கத்தாலோ சோம்பலாலோ மாறியதாகக் கருதிக்கொண்டு தன் இளமையைப் புகழ்வோரும் இகழ்வோரும் உளர். புகழ்வோர் தொகையே அதிகம். வென்றவர்களைத்தானே மேடைக்கு அழைக்கின்றனர்.

இரண்டாவது, போர். 1996இலும் பின்னர் 2008, 2009ஆம் ஆண்டுகளிலும் கிளிநொச்சியின் மக்கள் வீட்டையும் பாடசாலையையும் விட்டு அலைந்தனர். போரின் இறுதியாண்டுகளில் வன்னியிற் பதினேழு வயது என்பது எந்தத் துறையைத் தெரிவது என்று எண்ணும் வயதாக இருக்கவில்லை. பலருக்கு அது கட்டாய ஆட்சேர்ப்புக்கு ஒளிந்திருக்கும் வயதாகவும், எறிகணைக்குப் பதுங்கியிருக்கும் வயதாகவும் இருந்தது. 2009இல் செட்டிகுளத்து முகாம்களிலிருந்தே மாணவர்கள் உயர்தரப் பரீட்சை எழுதினர். அவ்வாறு எழுதிப் பட்டம் பெற்ற ஒருவர் இன்று தம் பழைய தன்மையை நோக்கி ஏதேனும் சொல்ல விரும்பினால், சொல்வதற்கு அறிவுரையைவிட வேறொன்றே பொருந்தும்போலும். மேலும், பேசுவதற்கு ஓர் ‘இளைய தான்’ கிடைத்திருப்பதே உயிர்தப்பியவர் பெற்ற பேறு. அவரோடு ஒன்றாய்ப் படித்து அப்பரீட்சைக்கு வந்துசேராதவர்களின் இளமைக்கு அறிவுரை கூற எவரும் இல்லை.

மெய்யியலாளர் டெரெக் பார்ஃபிற் 1984இல் வெளியிட்ட நூலில், ஒருவனுக்கும் அவனுடைய நெடுங்காலத்துக்கு முந்திய நிலைக்கும் உள்ள தொடர்பு முழுமையான ஒருமை அன்று, நினைவும் விருப்பும் குணமும் எவ்வளவு தொடர்கின்றனவோ அவ்வளவே அது வலிமையுடையது என வாதித்தார். இது உண்மையாயின், நாற்பது வயதினர் தம் பதினெட்டு வயதினரிடம் பேசுவது ஏறத்தாழப் பிறர் ஒருவரிடம் பேசுவது போன்றதே. பிறரிடம் பேசும்போது காக்கவேண்டிய நாகரிகம் அங்கேயும் வேண்டும். ‘அது நான்தானே, எவ்வாறும் திட்டலாம்’ என்னும் சலுகை இல்லை. வற்றும் காலத்தில் இரண்டாகத் தெரியும் மடு நிறைந்த காலத்தில் ஒன்றாகத் தோன்றக்கூடும்; அத்தோற்றத்தை வைத்து எதனையும் நிறுவ முடியாது.

பழைய தன்னிடம் பேசுகிறேன் என்பவர் உண்மையில் எவரிடம் பேசுகின்றார்? இன்று இரணைமடுச் சந்தியிற் பேருந்துக்காக நிற்கும் மாணவியிடமும் மாணவனிடமும்தான். அவர்கள் அவருடைய இளமை அல்லர். அவர்களுக்கு முன்னுள்ள நிலம் வேறு. சந்திக்கு அண்மையில், அறிவியல்நகரில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியற் பீடமும் இயங்குகின்றன. தெற்கே, வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. ஒருகாலத்தில் தொலைவிற் கேள்விப்பட்ட ஒன்று இன்று வீதியோரத்திற் கண்ணுக்குத் தெரிகின்றது. அதனுள் நாட்டின் பல பாகங்களிலிருந்தும் வந்த மாணவர் படிக்க, குளத்தடிப் பிள்ளை பேராதனைக்கோ கொழும்புக்கோ போவதும் உண்டு. கல்வி கருதிப் பிரிவதைத் தொல்காப்பியம் பிரிவு வகைகளுள் ஒன்றாக வைத்து, அதற்கு மூன்றாண்டு எல்லையும் காட்டுகின்றது. உயர்தரம் எழுதியபின் அனுமதிக்காகக் காத்திருக்கும் காலத்தையும், விடுமுறைகளையும் வேலைநிறுத்தங்களையும் தொல்காப்பியர் கணக்கிற் கொள்ளவில்லை.

அனுபவமற்ற இளைஞன் அறநூல் விரிவுரைக்கு ஏற்ற மாணவன் அல்லன் என்றார் அரிஸ்டாட்டில். ‘துணிந்து நில்’, ‘உன்னை நம்பு’ போன்ற பொதுவுரைகளைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரியே. அவை செவியிற் புகுவதில்லை. ஆயின் இடத்தின் இயல்பு பற்றிய செய்திகள் புகும். பெற்றோருள் எவரும் பல்கலைக்கழகம் கண்டிராத வீட்டிலிருந்து செல்பவருக்கு இல்லாமற் போவது துணிவு அன்று, இத்தகைய செய்திகளே. தமிழ் மொழிமூலம் உயர்தரம் கற்றவர், பொறியியலிலும் மருத்துவத்திலும் விஞ்ஞானத்திலும் திடீரென ஆங்கிலத்தில் விரிவுரை கேட்கின்றார். பௌதிகம் அவருக்கு விளங்கும். பௌதிகத்தைச் சொல்லும் வாக்கியம் விளங்காது. இரண்டையும் பிரித்தறியாதவர் தமக்கு மூளையில்லை என்று முடிவுகட்டுகின்றார். பாடசாலையில் வினா எழுப்பியவன் அடக்கமற்றவன் எனப்பட்டிருக்கலாம். இங்கே வினா எழுப்பாதவன் வரவுப் பதிவேட்டில் மட்டும் இருப்பவன். இவற்றை முன்கூட்டி ஒருவர் சொல்லியிருந்தால் முதல் ஆண்டின் துயரிற் பாதி குறையும்.

இன்னொரு செய்தியும் சொல்லப்படவேண்டியது. கலைத்துறை நீங்கலான பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீதம் நாடளாவிய திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கெனவும் இடங்கள் வழங்கப்படுகின்றன. கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வவுனியாவும் இவ்விறுதிப் பட்டியலில் உள்ளவை. குறைந்த வெட்டுப்புள்ளியில் வந்தவர் என்ற முணுமுணுப்பை அம்மாவட்டத்து மாணவர் விடுதியிற் கேட்க நேரும். வாய்க்காலின் கடைசிப் பகுதிக்கு நீர் சேரவேண்டுமெனத் தலைப்பில் உள்ளோரின் கதவைச் சிறிது நேரம் அடைப்பது இரணைமடுவில் எவருக்கும் பிச்சையாகத் தோன்றுவதில்லை; அது பங்கு. இக்கோட்டா முறையில் ஆராயத்தக்க குறைகள் உண்டு. குறிப்பாக, ஒரு மாவட்டத்தினுள்ளேயே நகரத்து வசதியான பிள்ளைக்கும் காணியற்ற கூலியாளின் பிள்ளைக்கும் உள்ள இடைவெளியை அது காண்பதில்லை. அக்குறையை விவாதிக்கலாம், அதற்காகப் பதினெட்டு வயதுப் பிள்ளை நாணவேண்டியதில்லை.

பழைய தன்னைப் புதியவர் முகத்திற் காண்பது எப்போதும் கனிவாகவே முடியும் என்று எண்ணுவதற்கில்லை. பகிடிவதை செய்யும் முதுநிலை மாணவனும் புதுமுகத்திற் காண்பது சென்ற ஆண்டின் தன்னைத்தான். ‘இதனை நாமும் தாங்கினோம், நீயும் தாங்கு, இது உன்னை உறுதியாக்கும்’ என்று அவன் சொல்வதும் அறிவுரையின் வடிவிலேயே வருகின்றது. தனக்குக் கிடையாததைக் கொடுப்பதற்குப் பதிலாகத் தனக்குக் கிடைத்ததையே அவன் கொடுக்கின்றான். 1997இல் பேராதனையிற் பொறியியல் பயில வந்த தமிழ் மாணவர் ஒருவர் பகிடிவதையால் உயிரிழந்தார். மறு ஆண்டு, 1998இல், அதனைத் தடைசெய்யும் சட்டம் நிறைவேறிற்று. அதன் பின்னும் வழக்கம் ஒழியவில்லை. தான் பட்ட துன்பம் வீணானது என்று ஒப்புக்கொள்வது மனிதனுக்கு எளிதன்று. அதற்கு ஒரு பயன் கற்பிக்க முயல்கையில் அவன் இன்னொருவனைத் துன்புறுத்துகின்றான். தன் இளமையின் இடர்களே தன்னை உருவாக்கின என்று மேடையிற் பேசும் பெரியோரும், அறியாமலே, இந்நியாயத்துக்கு ஓரளவு துணைபோகின்றனர்.

ஆயினும் அதே முதுநிலை மாணவனுக்கு, நாற்பது வயதுப் பட்டதாரிக்கு இல்லாத ஒரு தகுதி உண்டு. அவனுக்கு மறதி இன்னும் வரவில்லை. விளங்காத விரிவுரையின் பின்வரிசையில் இருந்த நாள் அவனுக்கு நேற்று. அவன் சொல்லக்கூடியவை சிறியவை: நூலக அட்டையை எங்கே பெறுவது, மகாபொல நிதி வரும்வரை எவ்வாறு சமாளிப்பது, எந்த விரிவுரையாளரின் கதவைத் தட்டினால் தமிழில் ஒருமுறை விளக்குவார், வன்னிக்குச் செல்லும் இரவுப் பேருந்து எத்தனை மணிக்கு, வீட்டார் தொலைபேசியிற் கேட்கும்போது எல்லாம் நலம் என்று பொய் சொல்லாமல் என்ன சொல்லலாம்.