காரைக்கால் பேயும் பத்தாம் வகுப்புப் பெண்களும்

ஆனிப் பௌர்ணமியில் எங்கள் ஊரில் மாங்கனித் திருவிழா. பிச்சாண்டவர் வீதி வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழத்தை இறைப்பார்கள். கீழே முந்தானையை விரித்து நிற்பவர்களில் பிள்ளை வரம் வேண்டி வந்தவர்கள் நிறைய. தமிழாசிரியையாகக் காரைக்காலிலேயே வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். அந்தக் கூட்டத்தில் நிற்கும்போதெல்லாம், நாம் கேட்பது இருக்கட்டும், யார் பெயரில் இந்த விழாவோ அந்தக் காரைக்கால் அம்மையார் கேட்டது என்ன என்று யோசனை ஓடும். அவர் கேட்டது, இந்த அழகு வேண்டாம், பேயுருவம் வேண்டும் என்று.

இதைப் பத்தாம் வகுப்புப் பெண்களிடம் சொல்லிப் பாருங்கள். "லூசா மிஸ் அவங்க?" என்று ஒருத்தி கேட்டே விட்டாள். நியாயமான கேள்வி. நிறம், பல், பரு, எடை என்று நாள் முழுக்கக் கணக்குப் பார்க்கிற வயது அது. போனில் ஃபில்டர் போடாமல் ஒரு படம் எடுக்க மாட்டார்கள். 'ஃபேர் அண்ட் லவ்லி'யின் பெயரிலிருந்த 'ஃபேர்' 2020இல் போய்விட்டது; ட்யூப் போகவில்லை. கறுத்த பெண்ணைப் பார்த்துப் பெற்ற தாயே "உனக்கெல்லாம் எவ்வளவு போடணுமோ" என்று பவுன் கணக்குச் சொல்கிற வீடுகள் இன்னமும் இருக்கின்றன.

இதற்கு மருந்தென்று பள்ளிக்கூடங்களில் தன்னம்பிக்கைப் பயிற்சி நடத்துகிறார்கள். நான் வேலையில் இருந்தபோதும் ஒருவர் வந்தார். நல்ல மனிதர், குரலும் நன்றாக இருந்தது. ஆளுக்கொரு சிறிய கண்ணாடியைக் கொடுத்து, முகத்தைப் பார்த்துக்கொண்டே "நான் அழகு, என்னால் முடியும்" என்று சொல்லச் சொன்னார். பெண்கள் ஓடு பறக்கிற மாதிரி சொன்னார்கள். அரையாண்டுத் தாள் திருத்தி வந்த அன்று அதே பெண்கள் பெஞ்சில் தலை கவிழ்ந்து அழுதார்கள். என்னால் முடியும் என்பது, முடிகிறவரைக்கும்தானே தாங்கும்? முடியாமல் போன நாளுக்கு அதில் ஒன்றுமே இல்லை.

"நீயும் அழகுதான்" என்பதிலும் எனக்கு வழக்கு உண்டு. சொல்பவரின் அன்பைக் குறை சொல்லவில்லை. ஆனால் தராசு அதே தராசுதான். நம் பெண்ணின் தட்டில் கொஞ்சம் கை வைத்து அழுத்துகிறோம். நாளைக்கு வேறொருவர் வந்து கையை எடுத்துவிடுவார். அம்மையார் தராசையே வேண்டாம் என்றவர். அதனால்தான் அவரை வகுப்புக்கு அழைத்து வந்தேன், பாடத்திட்டத்தில் இல்லாவிட்டாலும்.

அம்மையாரின் கதையைச் சேக்கிழார் சொல்லித்தான் நமக்குத் தெரியும். வணிகன் மகள் புனிதவதிதான் பின்னாளில் அம்மையார். கணவன் பரமதத்தன் வீட்டுக்கு அனுப்பிய மாங்கனி இரண்டில் ஒன்றைப் பசியோடு வந்த சிவனடியாருக்குப் படைத்துவிடுகிறாள். மற்றதைத் தின்று ருசி கண்டவன் இன்னொன்றையும் கேட்கிறான். அவள் இறைவனை நினைக்க, கையில் ஒரு கனி வருகிறது. இதன் சுவை வேறாக இருக்கிறதே, எங்கே கிடைத்தது என்று கேட்கிறான். சொல்வதா விடுவதா என்று தயங்கி, உண்மையையே சொல்கிறாள். அவன் பயந்துபோகிறான். கப்பலேறிப் போனவன் திரும்பவில்லை. பாண்டி நாட்டில் வேறொருத்தியை மணந்து, பிறந்த பெண்ணுக்குப் புனிதவதி என்றே பெயர் வைக்கிறான். உறவினர்கள் இவளைச் சிவிகையில் கொண்டுபோய் விட்டால், மனைவி மகளோடு வந்து காலில் விழுகிறான்.

மாங்கனியை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். என் மனம் அந்தக் கும்பிடு போட்ட இடத்தில்தான் நிற்கும். அவன் அவளை அடிக்கவில்லை, ஏசவில்லை. தெய்வம் என்று சொல்லி விலக்கிவிட்டான். நாம் வீட்டில் செய்வதும் பாதி இதுதான். எங்க வீட்டு மகாலட்சுமி என்போம். மேலே என்ன படிப்பது என்பதை அவளைக் கேட்காமலே முடிவு செய்வோம்.

கணவனுக்காகச் சுமந்த இந்தத் தசைப் பொதியைக் கழித்துவிடு என்று அவள் சிவனைக் கேட்டது அதற்குப் பிறகு. இங்கே பெண்ணியம் படித்த தோழிகள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். கைவிடப்பட்டவள் உடம்பை வெறுத்துக்கொண்டாள், இதையா பதினைந்து வயதுப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது என்பார்கள். உடம்பு பாவம், மூடு, குனி, அடங்கு என்று பெண்களுக்குச் சொல்ல எல்லா மதங்களிலும் ஆள் இருக்கும்போது இது லேசான ஆட்சேபம் அல்ல. சேக்கிழாரை மட்டும் வைத்துக்கொண்டு இதற்கு முழுப் பதில் சொல்லிவிட முடியும் என்றும் நான் நினைக்கவில்லை.

ஆனால் அம்மையார் தானே எழுதியவர். சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டு. அம்மையார் அவருக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியவர். அற்புதத் திருவந்தாதியின் நூற்றொரு வெண்பாக்களில் கணவன் இல்லை, மாங்கனி இல்லை, கப்பல் இல்லை. தன் கதையை அவர் தொடங்குகிற இடமே வேறு. பிறந்து வாய் திறந்து பேசத் தொடங்கிய காலந்தொட்டு உன்மேல்தான் காதல், என் துன்பத்தை எப்போது தீர்க்கப்போகிறாய் என்று முதல் பாட்டிலேயே கேட்டுவிடுகிறார். ஊர் அவர் கதையை ஒரு ஆணின் பயத்திலிருந்து தொடங்குகிறது. அவர் தன் பேச்சிலிருந்து தொடங்குகிறார். இதைச் சொன்ன பிறகு அந்த 'லூசா' கேள்வி மறுபடி வரவில்லை. அதற்குப் பதில் பின்பெஞ்சிலிருந்து இன்னொன்று வந்தது: "பேய்னு அவங்கள யாராச்சும் கூப்பிட்டாங்களா மிஸ், இல்ல அவங்களே சொல்லிக்கிட்டாங்களா?" கேட்டவளுக்குப் பல் கொஞ்சம் எடுப்பு. வகுப்பில் அவளுக்கு என்ன பட்டப்பெயர் என்று எனக்குத் தெரியும். அவரே சொல்லிக்கொண்டதுதான், பாட்டின் கடைசியில் கையெழுத்து மாதிரி காரைக்கால் பேய் என்று போடுகிறார் என்றேன். ஆகவே நீயும் பட்டப்பெயரைப் பெருமையாகச் சூடிக்கொள் என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்வது எனக்குச் சுலபம், அவளுக்குத்தான் கஷ்டம். பட்டப்பெயர் வைத்தவர்களைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினேன்.

அந்தாதியின் இரண்டாம் பாட்டு இன்னும் கடினமானது. சிவன் என் துன்பத்தைத் தீர்க்காவிட்டாலும், இரக்கமே காட்டாவிட்டாலும், போகும் வழியைச் சொல்லாவிட்டாலும் என் நெஞ்சில் அன்பு அறாது என்கிறார். பயிற்சிக்காரரின் வாக்கியத்தில் இல்லாதது இதுதான். முடிவு எப்படி வந்தாலும் நிற்கிற ஒன்று. இதை நான் விளக்கி முடிக்குமுன் ஒரு முஸ்லிம் மாணவி கையைத் தூக்கினாள். "தீர்க்கலேன்னாலும் அன்பு போகாதுன்னா, முதல் பாட்டுல எப்ப தீர்ப்பேன்னு ஏன் மிஸ் கேக்கணும்?"

உரைநூல்கள் பல படித்திருக்கிறேன். இவ்வளவு நேராக யாரும் கேட்டு நான் பார்க்கவில்லை. எனக்குத் தோன்றுவது இது. நம்பிக்கை உள்ளவள் கேட்க மாட்டாள், பொறுத்துக்கொள்வாள் என்று நாம்தான் நினைத்து வைத்திருக்கிறோம். 'பொறுத்துக்கோ' என்பது நம் வீடுகளில் பெண்பிள்ளைக்குச் சொல்லப்படும் முதல் உபதேசம். பஸ்ஸில் எவனோ உரசினால் பொறுத்துக்கோ. மாதவிலக்கு வயிற்றுவலி என்றால் எல்லோருக்கும் வருவதுதான், பொறுத்துக்கோ. அம்மையார் வலிக்கிறது என்பதை முதல் பாட்டிலேயே, கடவுளின் முகத்துக்கு நேரே சொல்கிறார். அன்பு அறாது என்பது அதற்கு அடுத்த பாட்டு. கேட்டவருக்குத்தான் அந்த உறுதி வாய்த்திருக்கிறது. பள்ளிச் சுவர்களில் 1098 என்று குழந்தைகள் உதவி எண்ணை எழுதி வைக்கிறோம். உதவி கேட்பது பலவீனம் என்று வளர்ந்த பெண் அந்தச் சுவரைத் தினமும் தாண்டிப் போவாள், போனை எடுக்க மாட்டாள்.

இன்னொன்றும் உண்டு. அம்மையார் பாடல்களில் அவர் தன்னைப் பற்றிப் பேசுவது மிகக் குறைவு. திருவாலங்காட்டுப் பதிகங்களில் கள்ளி, எரியும் பிணம், நரி, வயிறு ஒட்டி நரம்பு புடைத்த பெண்பேய் என்று சுடுகாடு முழுவதையும் கண் கூசாமல் பார்த்துச் சொல்கிறார்; நடுவில் ஆடுகிறவனையும். கங்கைகொண்ட சோழபுரத்தில் கூத்தப்பிரான் சிற்பத்தின் காலடியில் அவர் தாளம் போட்டுக்கொண்டிருப்பதைப் போய்ப் பாருங்கள். எலும்பும் தோலுமான உருவம், தான் எப்படி இருக்கிறோம் என்ற நினைப்பே அதற்கு இல்லை. கண் முழுக்க ஆட்டத்தில். சிவாலயப் பிராகாரங்களில் நாயன்மார்கள் கைகூப்பி வரிசையாக நிற்க, இவர் மட்டும் உட்கார்ந்திருப்பார். 'அம்மையே' என்று சிவனே அழைத்தவர் என்பதால் அந்த இருக்கை என்பார்கள்.

தன்னம்பிக்கைக்காகத் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பது வீண் வேலை என்று நான் முடிவுக்கு வந்தது இப்படித்தான். கபடியில் ரெய்டு போகிற பெண்ணுக்குத் தன் நிறம் ஞாபகம் இருக்காது. வெங்காயத் தோலை நுண்ணோக்கியில் முதன்முதலாகப் பார்க்கிறவள் பருவைத் தடவிப் பார்க்க மாட்டாள். கண்ணை நிறைக்கிற ஒன்று அவள் முன்னால் இருக்க வேண்டும், அதன் எதிரே உட்கார அவளுக்கு நேரமும் இடமும் இருக்க வேண்டும். கடவுள்தான் அந்த ஒன்று என்பது அம்மையாரின் விடை. அதையே எல்லாப் பெண்களுக்கும் நான் சொல்ல மாட்டேன். சிலருக்கு அது கணக்காக இருக்கலாம், சிலருக்குக் கடல்.

ஆனால் நேரமும் இடமும் நாம் கொடுக்க வேண்டியவை. எனக்குத் தெரிந்த பெண்கள் பள்ளி ஒன்றில் கடைசி மணி அடித்ததும் மைதானக் கதவைப் பூட்டிவிடுகிறார்கள். பாதுகாப்பாம். ஆய்வகச் சாவியோ தலைமையாசிரியரின் மேஜைக்குள். ஆறு மணிவரை சாவியோடு அங்கே உட்கார்ந்திருக்க ஒரு ஆசிரியை முன்வந்தால், தன்னம்பிக்கைப் பயிற்சியை நிறுத்தும்படி எழுதுகிற மனுவில் முதல் கையெழுத்து நான் போடுகிறேன். அந்த ஆசிரியைக்குத் துணையாக ஒருவர் வேண்டுமென்றாலும் ஓய்வுபெற்ற எனக்கு மாலையில் வேறு வேலை இல்லை.