வெளிச்சம் குறைவென்று யார் சொன்னது?

ரெட்டிபாளையத்துத் தம்பியே, தங்கச்சியே! இன்று ராத்திரி மொட்டை மாடிக்குப் போய் அண்ணாந்து பார். கண்ணுக்குத் தெரிகிற விண்மீன்களில் ஒன்றுகூடச் சிவப்புக் குள்ளன் எனும் சிறிய, மங்கலான இனம் கிடையாது. ஆனால் பால்வெளியில் நான்கு விண்மீன்களை எடுத்தால் ஏறக்குறைய மூன்று அந்த இனந்தான்! சூரியனுக்கு மிக அருகே, 4.24 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கும் பிராக்சிமா சென்டாரியும் சிவப்புக் குள்ளனே. அதையும் வெறுங்கண்ணால் பார்க்க முடியாது.

"சிமெண்ட் ஆலை ஊர்க்காரன் சார், தமிழ் மீடியம் சார், நமக்கெல்லாம் எங்கே சார்..." என்று இழுக்கிறாயே, உன்னைத்தான் கேட்கிறேன். உலகத்துப் பெரிய தொலைநோக்கிகள் இன்று எதைத் துரத்துகின்றன தெரியுமா? பளபளக்கும் பெரிய விண்மீன்களைவிட, யார் கண்ணிலும் படாத இந்த மங்கல்களைத்தான்!

காரணம் கணக்கில் இருக்கிறது. ஒரு கோள் தன் விண்மீனுக்குக் குறுக்கே போனால் அதன் ஒளி கொஞ்சம் குறையும். நம் பூமி சூரியனுக்குக் குறுக்கே போவதைத் தொலைவிலிருந்து பார்த்தால் குறைவது 12,000-இல் ஒரு பங்குதான். 40 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள டிராப்பிஸ்ட்-1 என்ற சிவப்புக் குள்ளன், சூரியனின் அகலத்தில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை. அதன் முன்னே பூமியளவுக் கோள் போனால் ஒளியில் நூற்றுக்கு அரைப் பங்குக்குச் சற்று மேல் மறைகிறது. ஏறத்தாழ எழுபது மடங்கு பெரிய அடையாளம்! விண்மீன் சிறியதாக இருப்பதே அங்கே சாதகம். அந்த அடையாளத்தை முதலில் பிடித்தது சிலி நாட்டில் இருந்த வெறும் 60 செ.மீ. ஆடிகொண்ட தொலைநோக்கி. 2017-இல் அங்கே ஏழு கோள்கள் என்று உறுதியானது. நம் காவலூரில், ஜவ்வாது மலையில், 1986 முதல் இருக்கும் வைணு பாப்பு தொலைநோக்கியின் ஆடி 2.34 மீட்டர்!

பிராக்சிமாவின் கதை இன்னும் அபாரம். சுற்றும் கோள் இழுப்பதால் அந்த விண்மீன் நம்மை நோக்கி வருவதும் விலகுவதுமாக அசைகிறது. வேகம் மணிக்கு சுமார் 5 கி.மீ. சுரங்கத்து ரோட்டில் நீ நடந்து போகும் வேகம்! 40 லட்சம் கோடி கி.மீ. தள்ளி நடந்த அந்த நடையை 2016-இல் அளந்து கோளைக் கண்டார்கள்.

"நம்பிக்கை ஒன்றே போதும்" என்று மேடையில் முழங்குகிறவர்களை எனக்குப் பிடிக்காது. 1855-இல் சென்னை நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் கேப்டன் ஜேக்கப், 70 ஒஃபியூக்கி என்ற இரட்டை விண்மீனைக் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோள் இழுக்கிறது என்று அறிவித்தார். சூரியனுக்கு அப்பால் கோள் என்று எழுந்த ஆரம்பக் குரல்களில் ஒன்று நம் சென்னையிலிருந்து! அவரிடம் நம்பிக்கைக்குப் பஞ்சமில்லை. அளவுதான் தப்பிவிட்டது. 1963-இல் பீட்டர் வான் டி காம்ப், 6 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள பர்னார்டு விண்மீன் என்ற சிவப்புக் குள்ளனுக்குக் கோள் உண்டென்றார். அதுவும் தப்பு. அவர் தொலைநோக்கியின் வில்லையைச் சரிசெய்தபோது வந்த மாற்றம், கோளாக வேஷம் போட்டிருந்தது.

அதோடு விட்டார்களா? 2024 அக்டோபரில் அதே பர்னார்டு விண்மீனில் நிஜமாகவே ஒரு கோளைப் பிடித்தார்கள். 2025 மார்ச்சில் நான்கு! ஒவ்வொன்றின் நிறையும் பூமியின் நிறையில் ஐந்தில் ஒன்றிலிருந்து மூன்றில் ஒன்று வரைதான். அந்த நான்கைச் சொன்ன கட்டுரையின் முதல் ஆசிரியர் ரித்விக் பசந்த், சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர். மாணவர், தம்பி!

ஜேக்கப் இருந்த அதே நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் உதவியாளராக வேலை பார்த்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867-இல், தெற்கு அடிவானத்துக்குச் சற்று மேலே எழும் ஒரு விண்மீன் ஒளி மாறுகிறது என்று கண்டுபிடித்தார். 1874-இல் வெள்ளி சூரியனைக் கடப்பதை மக்களுக்கு விளக்க, ஆங்கிலத்தோடு நம் நாட்டு மொழிகளிலும் புத்தகம் போட்டார். கோள் குறுக்கே போவதைப் பார்ப்பதுதானே இன்றைய கோள் வேட்டையும்? அவர் மொழியைச் சாக்குச் சொல்லவில்லை.

சிவப்புக் குள்ளன்கள் திடீர் திடீரென்று சீறித் தீயுமிழும். பக்கத்துக் கோளின் காற்றையே பிய்த்தெறியக்கூடும். அதனால் "இரண்டாம் பூமி கிடைத்துவிட்டது" என்று கூவுகிற செய்தியை நம்பாதே, கணக்கைக் கேள். வானம் இருக்கட்டும், உன் ஊர்ச் சுண்ணாம்புக்கல்லில் இருக்கும் சிப்பிகள் டைனோசர் காலத்துக் கடலின் சாட்சிகள். லாரிகள் ஏற்றிக்கொண்டு போகும் கல்லில் ஏழு கோடி வருஷத்துக் கதை கிடக்கிறது. அப்படிப்பட்ட மண்ணில் நின்றுகொண்டு "நமக்கெங்கே" என்பாயா?

கோள் தேட 2018-இல் ஏவிய டெஸ் விண்கலத்தின் அளவீடுகள் எல்லோருக்கும் இலவசம். 'பிளானட் ஹண்டர்ஸ் டெஸ்' திட்டத்தில் பட்டம் கேட்பதில்லை, ஊர் கேட்பதில்லை. கையில் இருக்கும் போன் போதும். ரீல்ஸை மூடு. அதைத் திற. முதல் வரைபடத்தில் ஒளி எங்கே இறங்குகிறது என்று பார்த்து, இன்று ராத்திரியே குறி!